ஊக்கு மாட்டிய தாலி

பெட்டியைத் திறந்து மெல்லிய காகிதத்தை நான் விலக்கியபோது க்யூரேட்டர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "கண்காட்சியில் நடுநாயகமாக வைக்கப்போவது இந்த நெக்லஸைத்தான்" என்றார். பெட்டிக்குள் ஒரு தாலி கிடந்தது.

நியூ ஜெர்சியில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் லேபில் எனக்கு வேலை. பழம்பொருள்களைப் பராமரிப்பது. உடைந்ததை ஒட்டுவேன், துரு பரவாமல் நிறுத்துவேன், பூச்சி அரித்த மரத்துக்கு மருந்து வைப்பேன். ஈரோட்டில் யாராவது கேட்டால் அம்மா "அமெரிக்காவுல பழைய சாமான் தொடைக்கிறாளுங்க" என்று சொல்லிவிடுவார். பாதி சரிதான். எதைத் துடைக்கக் கூடாது என்று முடிவுசெய்வது மீதிப் பாதி. அந்த வசந்த காலத்தில் என் ஒப்பந்தம் முடிகிற நிலையில் இருந்தது. நீட்டிப்பார்களா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயம்.

தாலியை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். மஞ்சள் வெளுத்த கயிறு. பிடரியில் உரசும் இடத்தில் மட்டும் வியர்வை ஏறிக் கறுத்திருந்தது. இரண்டு பொட்டுத் தாலி, இரு பக்கமும் குண்டுமணிகள். அவற்றின் பக்கத்தில் ஓர் ஊக்கு. சேலைக்குக் குத்துகிற சாதாரண ஊக்குதான். அது துருப்பிடித்துக் கயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் கறை இறக்கியிருந்தது. இன்னோர் இடத்தில் அழுக்கேறிய வெள்ளைப் பிளாஸ்திரித் துண்டு ஒன்று சுற்றியிருந்தது. முடிச்சுகள் அவிழவே இல்லை. ஆனால் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் கயிறு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இற்றுப்போய் அறுந்த நூலில் இழைகள் ஏற்ற இறக்கமாக நீண்டிருக்கும். இதில் எல்லா இழைகளும் ஒரே மட்டத்தில் நின்றன. யாரோ கத்தரியால் வெட்டியிருந்தார்கள்.

பொருள் வந்த இடம் பற்றிச் சொற்பமாகத்தான் தெரியும். தென் தமிழ்நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இளம் வயதில் நர்ஸாக இருந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர் இறந்துபோனார். அவர் வீட்டில் இருந்த பித்தளைப் பாத்திரங்கள், சுங்குடிச் சேலைகள், ஓலைப் பெட்டிகள் எல்லாவற்றையும் அவருடைய மகள் மொத்தமாகக் கொடுத்துவிட்டார். அந்தச் சாமான்களோடு இதுவும் வந்தது.

க்யூரேட்டரின் திட்டம் தயாராக இருந்தது. திருமண அணிகள் என்று ஒரு கண்ணாடிப் பேழை. அதில் வெள்ளைக் கழுத்துப் பொம்மை. பொம்மையின் கழுத்தில் இந்தத் தாலி. "கயிற்றை மாற்றிவிடலாம். புதிதாக மஞ்சள் சாயம் போட்டுக் கட்டு. அந்த ஊக்கை எடுத்துவிடு, அது பிற்காலத்தில் யாரோ மாட்டியது. பிளாஸ்திரியையும் கரைத்து எடுத்துவிடு" என்றார். கண்காட்சிக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அவர் மோசமானவர் அல்லர். பொருள்களை அன்பாகத் தொடுகிறவர். ஊக்கு துருப்பிடிக்கிறது, அது கயிற்றைத் தின்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணின் தாலியிலும் ஊக்கு இல்லாமல் நான் பார்த்ததில்லை. முந்தானை நழுவினால், செருப்பு வார் அறுந்தால், பிள்ளையின் கால்சட்டைப் பட்டன் தெறித்தால் கை தானாக அங்கேதான் போகும். பொட்டைப் போலவே ஊக்கும் தாலியோடு சேர்ந்ததுதான் என்று சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

என்னை உண்மையில் உலுக்கியது பிளாஸ்திரி. எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. கம்மல், வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். தாலியைக் கேட்டபோது அம்மா மார்பில் கையை வைத்துக்கொண்டார். நர்ஸ் வற்புறுத்தவில்லை. பிளாஸ்திரியைக் கிழித்துத் தாலியைச் சுற்றி ஒட்டி, "இப்பப் போலாமுங்க" என்று சொல்லி ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்.

பிளாஸ்திரி, வெட்டப்பட்ட கயிறு, நர்ஸ் வீடு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரே ஒரு கதைதான் கிடைத்தது. ஆபரேஷன் மேசையில் ஒரு பெண் இறந்திருக்கிறாள். யாரோ கயிற்றை வெட்டியிருக்கிறார்கள். அது அவள் குடும்பத்துக்குத் திரும்பிப் போகாமல் இங்கே வந்திருக்கிறது.

மறுநாள் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "திருட்டு என்கிறாயா?" என்று க்யூரேட்டர் கேட்டார்.

"யாருடையது என்று தெரியாமல் காட்சிக்கு வைக்கக் கூடாது என்கிறேன்."

லேபின் தலைவர் அதிகம் பேசாதவர். நரைத்த புருவத்துக்கு மேல் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ கண்ணால் பார்த்தது எது, மனதில் நினைத்தது எது? இரண்டையும் கலக்காமல் சொல்" என்றார். பார்த்தது வெட்டும் பிளாஸ்திரியும் என்றேன். "பிளாஸ்திரி எந்தக் காலத்தது?" பழையதுதான் என்றேன். "அது நினைத்தது" என்றார். பசையில் ஊசிமுனை அளவு எடுத்து, பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார்.

அனுப்பினேன். ஆனால் முடிவு வரும்வரை க்யூரேட்டரால் காத்திருக்க முடியவில்லை. சாமான்களைக் கொடுத்த மகளுக்கு மின்னஞ்சல் அனுப்பப்போகிறேன், என்ன கேட்க வேண்டும் சொல் என்றார். நான் சொன்ன கேள்விகளில் ஒன்று, இது ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியிடமிருந்து வந்திருக்குமா என்பது. எங்களுக்குள் அது சாதாரணக் கேள்வி. அன்று மதியமே போன் வந்தது. க்யூரேட்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"செத்துப்போன ஒருத்தியின் கழுத்திலிருந்து என் அம்மா நகையைக் கழற்றிக்கொண்டாள் என்று கேட்கிறீர்களா?" பேசியது அந்த மகள். க்யூரேட்டர் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர், "யார் இந்தக் கேள்வியை எழுதியது? நேரில் வருகிறேன். அந்த ஆளும் அங்கே இருக்க வேண்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "காண்ட்ராக்ட் ரினீவ் ஆகுற நேரத்துல இதெல்லாம் தேவையா?" என்றார். கேட்டுவிட்டு அவரே, "சரி விடு, நீ ஒண்ணும் தப்பாக் கேக்கல" என்றார். எனக்கு இரண்டு பேச்சுமே ஆறுதலாக இல்லை.

சனிக்கிழமை பக்கத்து ஊரான பார்சிப்பனிக்குப் போனேன். அங்கே மகன் வீட்டில் இருக்கும் ஆன்ட்டி ஒருவரைக் கோயிலில் பழக்கம். மதுரையில் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு இங்கே வந்தவர். போனில் இருந்த படங்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஆபரேஷன் தியேட்டருக்குத்தான்மா இப்படிச் சுத்துவோம். நானே எத்தனை பேருக்குச் சுத்தியிருக்கேன்."

"அந்தப் பேஷண்ட் இறந்துட்டா என்ன பண்ணுவீங்க ஆன்ட்டி?"

"புருஷன் கையில குடுப்போம். இல்லன்னா அவ அம்மா கையில. கையெழுத்து வாங்கிட்டுத்தான்."

"கத்தரியால வெட்டி எடுப்பீங்களா?"

அவர் போனை டீப்பாயில் வைத்தார். "எதுக்கும்மா கேக்கற? எவளோ நர்ஸ் எடுத்துக்கிட்டான்னு நினைக்கிறியா?"

"அப்படி இல்ல ஆன்ட்டி..."

"அப்படித்தான். கேக்கற விதத்துலயே தெரியுது. கம்மல் காணாமப் போயிருக்கு, கொலுசு காணாமப் போயிருக்கு, இல்லைங்கல. தாலிய எவளும் எடுக்க மாட்டா. வெள்ளைக்காரியா இருந்தாலும் சரி, அங்க கூட வேலை பாத்தவளுக்கு அது தெரியும். அவகிட்ட அது இருந்துச்சுன்னா யாரோ குடுத்திருக்காங்க. இல்லன்னா..." அத்தோடு நிறுத்திக்கொண்டு காபி போட எழுந்து போய்விட்டார். அதன் பிறகு பேச்சு பேரனின் ஸ்கூல், மளிகைக் கடையில் முருங்கைக்காய் விலை என்று போயிற்று. என்னை வாசல் வரை வந்து அனுப்பும்போதும் அவர் முகம் இளகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை காரை நிறுத்திவிட்டு உள்ளே போவதற்கு முன்பே சோதனை முடிவு மின்னஞ்சலில் வந்திருந்தது. பழைய பிளாஸ்திரிப் பசையில் ரப்பரும் துத்தநாகமும் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. இப்போதைய ஆஸ்பத்திரிகளில் ஒட்டுகிற மருத்துவ டேப்பின் பசை. அமெரிக்காவில் தினமும் பயன்படுவது. சில வருடங்களே பழையதாக இருக்கலாம் என்று குறிப்பு.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். மிஷன் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் மேசை, இறந்துபோன பெண், கையைப் பிசைந்து நின்ற அவள் புருஷன் எல்லோரும் என் தலைக்குள் மட்டுமே இருந்தவர்கள். அந்தக் கதையை நம்பி ஒரு மகளிடம் அவள் அம்மாவைப் பற்றிக் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். மறுபடி மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படங்களைப் பார்த்தேன். கயிறுகூட மினுமினுப்பான முறுக்குள்ள நூல், கைவேலைக் கடைகளில் பந்தாக விற்பது. முதல் நாளே கண்ணில் பட்டதுதான். நான் நின்று யோசிக்கவில்லை.

க்யூரேட்டரிடம் சொன்னேன். "வந்ததும் நான் பேசுகிறேன். நீ எதையும் விளக்க வேண்டாம்" என்றார். அந்த நேரத்தில் வரவேற்பிலிருந்து அழைப்பு வந்தது.

அறுபதை நெருங்குகிற பெண்மணி. குட்டையாக வெட்டிய நரைமுடி. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் திரும்பினார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். பெயரும் குரலும் முழுக்க அமெரிக்கா. முகம் மட்டும் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கக்கூடிய முகம். அவரும் என்னை அப்படித்தான் பார்த்தார்.

"நீதானா எழுதியது?" என்றார்.

"நான்தான். தப்பான கேள்வி. பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு..."

க்யூரேட்டர் குறுக்கிட்டார். அந்த அம்மாள் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "அதை முதலில் காட்டு."

தட்டில் வைத்திருந்த தாலியை மேசைக்குக் கொண்டுவந்தேன். அவர் தொடவில்லை. குனிந்து நெடுநேரம் பார்த்தார். கேட்டபோது குரலில் கோபம் குறைந்திருந்தது. "இதற்கு என்ன பெயர்? அம்மா இதை 'என் கயிறு' என்றுதான் சொல்வாள்."

"தாலி."

அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நாக்குப் புரளவில்லை. பிறகு உட்கார்ந்து சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

அவர் அப்பா அந்த ஆஸ்பத்திரி இருந்த ஊர்ப் பள்ளியில் வாத்தியார். அம்மா அவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அந்தக் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். வருடங்கள் அதிகமில்லை. அப்பா காய்ச்சலில் போய்விட்டார். காரியம் நடக்கிற நாளில் சொந்தக்காரப் பெண்கள் தாலியைக் கழற்ற வந்திருக்கிறார்கள். அம்மா அறைக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டார். வெளியே தட்டுகிறார்கள், அழுகிறார்கள், திட்டுகிறார்கள். கதவு திறக்கவில்லை. "அப்போது நான் அவள் வயிற்றில் இருந்தேன்" என்றார் மகள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. கிளம்பி இங்கே தன் பெற்றோரிடம் வந்துவிட்டார். நியூ ஜெர்சி ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் சட்டைக்குள் அது கிடந்தது. கயிறு நைந்தால் கடையில் நூல் வாங்கி, சமையல் மஞ்சளில் தோய்த்து, தானே முறுக்கிக் கட்டிக்கொள்வார். யாரும் சொல்லித்தரவில்லை.

"பிளாஸ்திரி?" என்று லேபின் தலைவர் மெதுவாகக் கேட்டார்.

"கடைசி ஆபரேஷனில் ஒட்டியது. உலோகம் எதுவும் கூடாது, கழற்றுங்கள் என்றாள் ஒரு சின்ன வயது நர்ஸ். அம்மா சொன்னாள், 'டேப்பைக் கொடு, இதை எப்படிச் சுற்ற வேண்டும் என்று நான் காட்டுகிறேன். இந்தியாவில் எத்தனையோ பெண்களுக்குச் சுற்றியிருக்கிறேன்.' அவளே சுற்றிக்கொண்டாள்."

என் அம்மாவுக்கு அந்த நர்ஸ் செய்ததை இந்த அம்மா இங்கே தனக்குத்தானே செய்துகொண்டிருக்கிறார். நான் நினைத்த கதை பொய். அந்தப் பழக்கம் மட்டும் பொய்யில்லை.

மகள் இப்போது நேராக என்னைப் பார்த்தார். "வெட்டியது நான். வீட்டில்தான் உயிர் போனது; உடலைக் கொண்டுபோக ஆட்கள் வந்தார்கள். நகை இருந்தால் எடுத்துவிடுங்கள் என்றார்கள். அவள் தலையைத் தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளுடைய கத்தரிதான் மேசையில் இருந்தது. பிறகு அதை வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை, குப்பையிலும் போட முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் கொடுத்தேன்." நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "நீ அந்த ஊர்க்காரி. சொல். அந்தப் பெண்கள் செய்ய வந்ததைத்தானே கடைசியில் நான் செய்துவிட்டேன்?"

க்யூரேட்டரும் தலைவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வாரம் முன்பு கேட்டிருந்தால் தாலி என்றால் இது, அறுப்பது என்றால் இது என்று பாடம் நடத்தியிருப்பேன். அன்று துணியவில்லை. அழகாக ஏதாவது சொல்லிவிட்டால் அவர் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார் என்று பயமாக இருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றேன். "அவர்கள் உயிரோடு இருப்பவரிடம் கேட்டார்கள், அவர் தர மறுத்தார். உங்களிடம் அவர் மறுக்கவில்லை. அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை."

அவர் அழுதார். க்யூரேட்டர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவரே சொன்னார்: "பொம்மைக் கழுத்து வேண்டாம். கயிற்றை மாற்றவும் வேண்டாம்." அது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. பேழையின் அளவு முதல் சுவரொட்டி வரை எல்லாம் அந்தக் கழுத்தை வைத்துத்தான் திட்டமிட்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்கப் பேச்சும் வாக்குவாதமுமாகப் போயிற்று. ஊக்கை எடுக்காமல் துருவை மட்டும் நிறுத்த முடியுமா என்று பார்த்தோம். மெழுகுப் பூச்சு கொடுத்து, ஊக்குக்கும் கயிற்றுக்கும் நடுவில் மெல்லிய படலம் ஒன்றை நுழைத்தேன். பிளாஸ்திரியின் பசை நாளடைவில் கயிற்றைக் கெடுக்கும் என்றார் தலைவர். கெடுத்தாலும் இருக்கட்டும் என்றார் மகள். வெட்டிய முனைகளை நான் தொடவில்லை. நேராகப் படுக்க வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, 'தாலி' என்று தமிழிலும் எழுதி வைத்தோம். அதன் கதையில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று மகள் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தினார். கதவைத் தாழ்போட்டதைச் சொல்லலாம், யார் வெட்டியது என்பதைச் சொல்ல வேண்டாம் என்றார். என் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று நான் விசாரிக்கவில்லை.

கண்காட்சி திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்சிப்பனி ஆன்ட்டியைக் கூட்டிப் போனேன். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். பேழைக்கு முன்னால் நின்று எழுதியிருந்ததை நான் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டார்.

"இப்படி வெட்டிப் போட்டதைக் கண்ணாடிக்குள்ள வெச்சு, வர்றவன் போறவன் எல்லாம் பாக்கணுமா?" என்றார். "எனக்குச் சரியாப் படலம்மா."

"அவங்க பொண்ணு ஓகே சொல்லித்தான் வெச்சோம் ஆன்ட்டி."

"அவ சொல்லலாம். எனக்குச் சரியாப் படல."

அவர் சொன்னதையும் மறுநாள் க்யூரேட்டரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, அந்தப் பொருளின் கோப்பில் இதையும் எழுது என்றார். ஒரு தமிழ்ப் பெண்மணிக்கு இது காட்சியில் இருப்பது உடன்பாடில்லை என்று எழுதினேன். யார் சொன்னது சரி என்று எழுதவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, திரும்பும் வழியில் ஃப்ரீவேயில் பாதி தூரம் வரை ஆன்ட்டி வாயே திறக்கவில்லை. கோபமோ என்று நினைத்து நானும் பேசாமல் டிரைவ் பண்ணிக்கொண்டிருந்தேன். எக்ஸிட் எடுக்கும்போது கேட்டார்.

"அந்தப் பொண்ணு எங்க இருக்கா?"

"பக்கத்துலதான் ஆன்ட்டி. அரைமணி நேரம்."

"தனியாவா?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"காரம் சாப்பிடுவாளான்னு கேளு. அடுத்த சனிக்கிழமை ஃப்ரீயான்னும் கேளு." கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். "அவங்கப்பா எந்த ஊருன்னு சொன்னே?"

ஊர்ப் பெயர் எனக்குத் தெரியாது என்றேன்.

"அதையும் கேட்டுரு" என்றார்.